மெஷினுக்குக் கடன் கேட்டேன், ஹாஸ்டல் கேட்டைத் திறந்து காட்டச் சொன்னார்கள்

திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துகிறேன். அப்பா இருபது பவர் டேபிளோடு, அதாவது மோட்டார் தையல் மெஷினோடு, ஆரம்பித்தது. இன்று நிட்டிங், சாய ஆலை, தையல் எல்லாம் சேர்த்து 430 பேர் வேலை செய்கிறார்கள். அதில் 110 பெண்கள் எங்கள் ஹாஸ்டலில் தங்கியிருக்கிறார்கள். பாதிப் பேர் ஒடிசா, ஜார்க்கண்ட். மீதிப் பேர் விருதுநகர், ராமநாதபுரம் பக்கம். போன மாதம் ஒரு நண்பர் வந்தார். ஐரோப்பிய மெஷினுக்கு அந்த நாட்டு அரசு உத்தரவாதத்தோடு கடன் எடுக்கப் போவதாகச் சொல்லி, "ஏனுங்க, அந்த மனித உரிமை ஃபார்ம் எல்லாம் சும்மா ஒரு சம்பிரதாயம்தானே?" என்று கேட்டார். 2023-ல் நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த நினைப்புக்கு நான் கொடுத்த விலை ஒரு கோடிக்குப் பக்கம், பத்து மாதம், அப்புறம் பல ராத்திரித் தூக்கம். அவரிடம் இரண்டு மணி நேரம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2023 ஜூனில் மிலன் நகரில் ஐட்மா என்ற ஜவுளி மெஷின் கண்காட்சிக்குப் போயிருந்தேன். எங்கள் பழைய ஸ்டென்டர், அதாவது துணியைக் காயவைத்து அகலம் பிடிக்கும் மெஷின், கேஸை ஏகத்துக்கும் குடித்துக்கொண்டிருந்தது. அங்கே ஒரு ஸ்டென்டரும், குறைந்த தண்ணீரில் ஓடும் மூன்று சாஃப்ட் ஃப்ளோ சாய மெஷினும் பார்த்தேன். திருப்பூரில் சாய ஆலை வைத்திருப்பவனுக்குத் தண்ணீர்தான் முதல் கவலை. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மொத்தமாக மூடப்பட்டதைப் பார்த்தவன் நான். ஒரு சொட்டுக் கழிவையும் வெளியே விடக்கூடாது என்ற நிலையில், ஒவ்வொரு லிட்டரைச் சுத்திகரிக்கவும் காசுதான். மொத்த விலை 18 லட்சத்து 40 ஆயிரம் யூரோ. உள்ளூர் வங்கி 10.5 சதவீத வட்டி சொன்னது. மெஷின்காரர்களோ, தங்கள் நாட்டு வங்கி மூலம் 85 சதவீதத்துக்குக் கடன் ஏற்பாடு செய்வதாகவும், அரசு உத்தரவாதம் இருப்பதால் வட்டி ஆறு சொச்சம்தான் வரும் என்றும், ஆறு மாதத்துக்கு ஒரு தவணையாக ஐந்து வருடம் கட்டலாம் என்றும் சொன்னார்கள். எங்களுக்கு வரும் பணமும் பெரும்பாலும் யூரோதான். நாணய ஏற்ற இறக்கப் பயம் அதிகம் இல்லை. உத்தரவாதக் கட்டணம் போகவும் ஐந்து வருடத்தில் ஒரு கோடிக்கு மேல் மிச்சமாகும் என்று கணக்குப் போட்டேன். செப்டம்பரில் கையெழுத்து, அக்டோபரில் 15 சதவீத அட்வான்ஸ். நம் பணத்தில் 2 கோடியே 43 லட்சம். அதையும் உள்ளூர் வங்கியில் வாங்கித்தான் கட்டினேன். என் முதல் தப்பு அந்த அட்வான்ஸ்.

இந்த உத்தரவாதம் எப்படி வேலை செய்கிறது என்பதை நான் அப்போது சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. நமக்கு இசிஜிசி தெரியும். வெளிநாட்டு பையர் பணம் தராமல் போனால் நமக்கு இழப்பீடு தருவது. இதே மாதிரி அவர்கள் நாட்டிலும் உண்டு. ஜெர்மனியில் ஹெர்மஸ் உத்தரவாதம் என்பார்கள். இத்தாலியில் சாச்சே, சுவிட்சர்லாந்தில் செர்வ், பிரிட்டனில் யூகே எக்ஸ்போர்ட் ஃபைனான்ஸ். நான் தவணை கட்டாமல் போனால் அந்த வங்கிக்கு அவர்கள் அரசு கட்டும். அதாவது அந்த ஊர் மக்களின் வரிப்பணம் என் சாய ஆலைக்குப் பின்னால் நிற்கிறது. அப்படி நிற்கும் பணம் எங்கே போகிறது, அங்கே யாருக்காவது கொடுமை நடக்கிறதா என்று கேட்க வேண்டிய கடமை அந்த அரசுக்கு உண்டு. 2011-ல் ஐ.நா. ஏற்ற வணிகமும் மனித உரிமையும் பற்றிய வழிகாட்டு நெறிகளில் நான்காவது நெறி இதைத்தான் சொல்கிறது. ஏற்றுமதிக் கடன் நிறுவனங்களைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. 2012-ல் ஓஇசிடி என்ற வளர்ந்த நாடுகளின் அமைப்பு ஏற்றுமதிக் கடனுக்கு வகுத்த பொது விதிகளிலும் மனித உரிமை நுழைந்தது. இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. தெரிந்தபோது என் தலைக்கு மேல் வெள்ளம் போயிருந்தது.

நவம்பரில் ஒரு கேள்வித்தாள் வந்தது. 64 கேள்வி. எங்கள் ஹெச்ஆர் பையன் இரண்டு நாளில் நிரப்பிக் கொண்டுவந்தான், நான் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். படித்திருந்தாலும் போட்டிருப்பேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்களிடம் சான்றிதழ்களுக்குப் பஞ்சமில்லை. காட்ஸ் உண்டு, ஓகோ-டெக்ஸ் உண்டு, பையர்கள் கேட்கும் சமூகத் தணிக்கை வருடா வருடம் நடக்கும். தணிக்கை எப்படி நடக்கும் என்பது ஊருக்கே தெரியும். தேதி முன்கூட்டியே வந்துவிடும். முந்தின வாரம் தீயணைப்பான் துடைத்து, முதலுதவிப் பெட்டி நிரப்பி, யாரிடம் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று பொண்ணுகளுக்குச் சொல்லிக்கொடுப்போம். ஓவர்டைமுக்கு எங்களிடம் இரண்டு பதிவேடு இருந்தது. எழுதவே கூசுகிறது, ஆனால் இதை மறைத்துவிட்டு மற்றதைச் சொல்வதில் அர்த்தமில்லை. அந்தப் பழக்கத்தில்தான் 'வேலைக்குச் சேர ஆட்களிடம் பணம் வாங்கப்படுகிறதா?' என்ற கேள்விக்கு இல்லை என்று எழுதினோம். 'தங்குமிடத்திலிருந்து விருப்பம்போல் வெளியே போக முடியுமா?' என்பதற்கு ஆம் என்று எழுதினோம்.

உள்ளூர் வங்கி மேலாளர் தைரியம் சொன்னார். "பெரிய அணை, அனல்மின் நிலையத்துக்குத்தான் சார் இதெல்லாம். நீங்க சின்ன அமவுண்ட்" என்றார். அவர் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பொது விதிகளில் ஒரு கோடி எஸ்டிஆர் என்று ஒரு வரம்பு உண்டு. எஸ்டிஆர் என்பது பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகு, அந்த வரம்பு நம் பணத்தில் நூறு கோடிக்கு மேல் வரும். அதற்குக் கீழே இருந்தால் முழு ஆய்வு பொதுவாக வராது. ஆனால் கடுமையான மனித உரிமைப் பாதிப்புக்கு வாய்ப்பு இருக்கிறது என்று அவர்களுக்குத் தோன்றினால், தொகை சின்னதாக இருந்தாலும் தனியாக விசாரிப்பார்கள். தமிழ்நாட்டு நூல் மில், பனியன் கம்பெனி, ஹாஸ்டலில் பெண்கள் என்றாலே அவர்களுக்குச் சந்தேகம் வரும். சுமங்கலித் திட்டம் பற்றி 2011-லிருந்தே ஐரோப்பாவில் அறிக்கைமேல் அறிக்கை வெளிவந்திருக்கிறது. மூன்று வருடம் மில் ஹாஸ்டலில் இருந்தால் கடைசியில் மொத்தமாக ஒரு தொகை, கல்யாணச் செலவுக்கு ஆகும் என்று சொல்லிச் சின்னப் பெண்களைக் கூட்டிவந்து அடைத்து வைத்த கதை. நான் அப்படி எதுவும் நடத்தவில்லையே என்று நினைத்தேன். ஆனால் என் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் அவர்களுக்கு அதுதான் ஞாபகம் வந்திருக்கிறது.

டிசம்பரில் கடிதம் வந்தது. ஒரு சுயேச்சையான ஆலோசகர் நேரில் வருவார், செலவு என்னுடையது. பொங்கல் முடிந்து மூன்றாம் நாள் வந்தார். நாற்பது வயதிருக்கும் ஒரு அம்மா, கூடவே ஒடியா பேசும் ஒரு பெண். நான் மீட்டிங் அறையில் காபி, ப்ரெசன்டேஷன் எல்லாம் தயார் பண்ணி வைத்திருந்தேன். அவர், "அப்புறம் பார்த்துக்கலாம் சார், முதல்ல ஹாஸ்டலுக்குப் போலாமா?" என்றார். வார்டன் கூட வரக்கூடாது, நானும் வாசலோடு நின்றுகொள்ள வேண்டும். சரி என்றேன். ஒன்றேகால் மணி நேரம் வேப்பமரத்தடியில் நின்றேன்.

பிறகு என்னை உள்ளே கூப்பிட்டார். வார்டன் அறையில் ஒரு பச்சை பீரோ. "இதைத் திறக்கச் சொல்லுங்க." மேல்தட்டில் ஒரு பழைய ஸ்வீட் டப்பா. அதற்குள் ரப்பர் பேண்ட் போட்டு, பத்துப் பத்தாக அடுக்கிய ஏடிஎம் கார்டுகள். ஒவ்வொன்றின் பின்னாலும் பிளாஸ்திரி ஒட்டி, பால்பாயிண்ட் பேனாவால் பெயரும் நான்கு இலக்கமும் எழுதியிருந்தது. பின் நம்பர். வார்டன் அக்கா ஒன்றும் திருட்டு மனசுக்காரர் இல்லை. "பொண்ணுக தொலைச்சுப்போடறாங்க சார், அதான் வாங்கி வெச்சேன். சம்பளத்தன்னிக்கு சூப்பர்வைசர் போயி எல்லாத்துக்கும் எடுத்துட்டு வந்து குடுத்துருவாரு" என்றார். அவர் சொன்னது நிஜமாகவே இருக்கலாம். ஆனால் அந்த டப்பாவைப் பார்த்தபோது எனக்குக் காது சுட்டது. வங்கிக் கணக்கில் சம்பளம் போடுகிறோம் என்று ஒவ்வொரு தணிக்கையிலும் பெருமையாகக் காட்டியது இந்தக் கணக்குகளைத்தான். அந்தக் கணக்கின் சாவி முழுக்க ஒரு ஸ்வீட் டப்பாவில் இருந்தது.

அன்று சாயந்திரத்துக்குள் மற்றதும் வெளியே வந்துவிட்டது. ராத்திரி எட்டு மணிக்குக் கேட்டை வெளியிலிருந்து பூட்டுகிறோம், சாவி வாட்ச்மேனிடம். தீப்பிடித்தால் என்ன ஆகும் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போவதானாலும் ஐந்து பேர் சேர்ந்து சூப்பர்வைசரோடு வேனில்தான் போக வேண்டும். பாதுகாப்புக்காக என்று நானே போட்ட விதி. பெண்களின் அப்பா அம்மாக்கள் கேட்டுக்கொண்டதும் உண்டு. "உங்க பொண்ணு காலேஜ் ஹாஸ்டல்ல இருக்கான்னு சொன்னீங்களே, அவ லீவு நாள்ல யார்கூட சார் வெளிய போறா?" என்று மட்டும் அந்த அம்மா கேட்டார். புகார்ப் பெட்டி கேமராவுக்கு நேர் கீழே மாட்டியிருந்தது. பாலியல் புகார்களை விசாரிக்க 2013 சட்டப்படி இருக்க வேண்டிய உள் குழுவில் வெளி உறுப்பினர் என்று ஒரு வழக்கறிஞர் பெயர் எழுதியிருந்தோம். அவருக்குப் போன் போட்டால், தான் உறுப்பினர் என்பதே அவருக்குத் தெரியவில்லை.

ஆளுக்கு ஆள் பணம் பிடித்த கதைதான் எனக்கு உறைத்தது. ஒடிசாவிலிருந்து ஆட்களைக் கொண்டுவருவது ஒரு கான்ட்ராக்டர் தம்பி. ஒரு ஆளுக்கு இவ்வளவு என்று நாங்கள் அவருக்குக் கமிஷன் கொடுத்துவிடுகிறோம். அவர் அதற்கு மேல் அந்தப் பெண்களிடமும் ஐந்தாயிரத்திலிருந்து எட்டாயிரம் வரை வாங்கியிருக்கிறார். முதல் மூன்று மாதச் சம்பளத்தில் தவணையாகப் பிடித்தது. ராயகடா பக்கத்துப் பெண் ஒருத்தி, பதினெட்டு முடிந்து நான்கு மாதம். அவளுடைய அப்பா வட்டிக்கு வாங்கி முன்பணமாகக் கொடுத்திருக்கிறார். அந்தக் கடன் முடியும் வரை ஊருக்குத் திரும்பி வராதே என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். கட்டாய உழைப்பு என்றால் கையில் சங்கிலி போட்டு வைப்பது என்று நினைத்திருந்தேன். அந்தப் பெண்ணுக்கு என் கம்பெனியை விட்டுப் போக முடியாது. அவளைக் கட்டிவைத்தது ஏழாயிரம் ரூபாய்.

கான்ட்ராக்டரைக் கூப்பிட்டுக் கத்தினேன். அவர் நிதானமாக, "அண்ணா, நீங்க குடுக்கற கமிஷன்ல ரயில் டிக்கெட்டுக்கே பத்தாது. மூணு வருஷமா ஏத்திக் கேட்டுட்டு இருக்கேன். அவங்ககிட்ட வாங்காம நான் எங்க போவேன்? உங்களுக்கு இது தெரியாதுன்னு சொல்லாதீங்க" என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. தெரியாது என்பதைவிட, கேட்கவில்லை என்பதுதான் சரி.

பிப்ரவரி கடைசியில் அறிக்கை வந்தது. 22 அம்சம் கொண்ட நடவடிக்கைத் திட்டம். அதில் ஒன்பது, கடன் பணம் வெளியே வரும் முன்பே முடித்துக்காட்ட வேண்டியவை. உலக வங்கிக் குழுமத்தின் ஐஎஃப்சி வகுத்த எட்டுத் தரநிலைகளில் இரண்டாவது தொழிலாளர் பற்றியது. திட்டம் முழுக்க அதை ஒட்டித்தான் இருந்தது. அன்றிரவு எனக்கு வந்தது வெறும் கோபம். நூறு வருடம் நம் பருத்தியை அள்ளிக்கொண்டு போனவர்கள் இப்போது நமக்கு மனித உரிமை சொல்லித்தர வந்துவிட்டார்கள் என்று வீட்டில் சத்தம் போட்டேன். ஆர்டர் போன பிறகு எவன் நிறுத்துவான், மிரட்டுகிறார்கள் என்றும் சொன்னேன். மறுநாள் ஆலோசகரிடம் இதை நாசூக்காகக் கேட்டபோது அவர் இலிசு அணையைச் சொன்னார். துருக்கியில் டைக்ரிஸ் நதிமேல் கட்டிய அணை. ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து மூன்றும் உத்தரவாதம் கொடுத்துவிட்டு, ஊர்விட்டுப் போகவேண்டிய மக்கள், சுற்றுச்சூழல், பழைய நகரம் பற்றி விதித்த 153 நிபந்தனைகள் நிறைவேறவில்லை என்று 2009 ஜூலையில் கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொண்டன. அவ்வளவு பெரிய அணைக்கே கையை எடுத்தவர்களுக்கு என் ஸ்டென்டர் எம்மாத்திரம்.

கணக்கு வழக்கு எல்லாம் என் மனைவி பார்ப்பது. அவள்தான் அறிக்கையை இரண்டு முறை படித்துவிட்டு, "இதுல பொய்யா எழுதியிருக்கறது எதுங்க, சொல்லுங்க" என்று கேட்டாள். எதுவும் இல்லை.

முதலில், கான்ட்ராக்டர் பெண்களிடம் வாங்கிய கமிஷன் பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். 83 பேர், சராசரி 6,800 ரூபாய், மொத்தம் 5 லட்சத்து 64 ஆயிரம். கான்ட்ராக்டரிடம் ரசீது ஏது? ஒவ்வொரு பெண்ணிடமும் அவள் பாஷையில் கேட்டு, அவள் சொன்ன தொகையை அப்படியே எடுத்துக்கொள்ளச் சொன்னார் ஆலோசகர். கூட்டிச் சொல்லிவிடுவார்களே என்று பயந்தேன். இரண்டு பேர் தவிர யாரும் எட்டாயிரத்துக்கு மேல் சொல்லவில்லை. கார்டுகளைத் திருப்பிக் கொடுத்து, வங்கி ஆளையே வரவழைத்து எல்லோருக்கும் பின் நம்பர் மாற்றினோம். கேட்டுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள். படிக்கட்டு, இரண்டாவது வாசல், கழிப்பறை எல்லாம் சேர்த்து ஹாஸ்டலுக்கு 19 லட்சம் ஆனது. வெளியே போகும் விதியை எடுத்த முதல் ஞாயிறு நான் வயிற்றில் நெருப்போடு உட்கார்ந்திருந்தேன். முப்பது பேர் போனார்கள். பழைய பேருந்து நிலையம் பக்கம் சுற்றிவிட்டு, ஏழரைக்குள் எல்லோரும் திரும்பிவிட்டார்கள், வளையலும் போன் கவரும் வாங்கிக்கொண்டு.

ஓவர்டைம்தான் பெரிய தொகை. தொழிற்சாலைச் சட்டப்படி இரட்டிப்புச் சம்பளம், நாங்கள் கொடுத்தது ஒற்றை. 190 பேர், மாதம் சராசரி 23 மணி நேரம், மணிக்கு 60 ரூபாய் குறை, பன்னிரண்டு மாதத்துக்குக் கணக்குப் போட்டால் 31 லட்சத்தைத் தாண்டியது. இங்கே நான் இன்னொரு தப்புச் செய்தேன். வீராப்பாக முப்பது நாளில் கொடுத்துவிடுவதாக எழுதிக்கொடுத்தேன். ஏப்ரல் சீசன், கையில் காசு இல்லை. தேதி தவறியது. நான்கு தவணை என்று முதலிலேயே கேட்டிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பார்கள். சொன்ன தேதி தவறியதால் புதிதாக ஒரு சரிபார்ப்பு வருகை, இன்னும் ஆறு வாரம். நடவடிக்கைத் திட்டத்தில் தேதி போடும்போது ரோஷம் பார்க்காதீர்கள். உங்களால் முடிகிற தேதியோடு ஒரு மாதம் கூட்டிப் போடுங்கள்.

உள் குழுவை நிஜமாகவே அமைத்தோம். 2022-ல் கையெழுத்தான திண்டுக்கல் ஒப்பந்தத்தைப் பற்றி அப்போதுதான் முழுதாகப் படித்தேன். பெண் தொழிலாளர்கள் தங்களுக்குள்ளேயே பயிற்சி பெற்றவர்களை வைத்து, தொல்லை நடந்தால் பழிவாங்கல் பயமில்லாமல் சொல்வதற்கு ஒரு வழி. அதே அளவுக்கு நாங்கள் போகவில்லை. ஆனால் லைனுக்கு ஒரு பெண்ணைத் தொழிலாளர்களே தேர்ந்தெடுத்தார்கள். முதல் மூன்று மாதத்தில் பதினொரு புகார். எங்கள் ஹெச்ஆர் பையன் கலங்கிப்போனான். நான் ஆலோசகரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். புகாரே இல்லாத கம்பெனியைப் பார்த்தால்தான் தங்களுக்குச் சந்தேகம் என்றார் அவர். பதினொன்றில் ஏழு சாப்பாட்டைப் பற்றி. இரண்டு, ஒரே செக்கிங் சூப்பர்வைசரைப் பற்றி. அவரை அனுப்ப வேண்டியதாயிற்று. பன்னிரண்டு வருடம் கூட இருந்தவர், எனக்கு வலித்தது. அந்தப் பெண்கள் சொன்னதைக் கேட்ட பிறகு வேறு வழியும் இல்லை.

முடியாமல் நிற்பது நூல் விஷயம். முக்கியமான சப்ளையரிடம் குழந்தை உழைப்போ கட்டாய உழைப்போ இருக்கிறதா என்று நான் பார்க்க வேண்டுமாம். எங்களுக்கு நூல் தருவது திண்டுக்கல் பக்கத்து மில். அப்பா காலத்துப் பழக்கம். ஆள் அனுப்பட்டுமா என்று கேட்டதற்கு, "ஏப்பா, உங்கப்பன் என்னைக்காவது என் மில்லுக்குள்ள வந்து எட்டிப் பாத்திருக்கானா?" என்றார் பெரியவர். உடனே நூல் வாங்குவதை நிறுத்தச் சொல்லி யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. பேசிப் பார், அவகாசம் கொடு, முன்னேற்றம் இல்லையென்றால் மாற்று என்றுதான் திட்டத்தில் இருந்தது. ஆறு மாதம் பேசினேன். இன்று பாதி நூல் வேறு மில்லில் வாங்குகிறேன், கிலோவுக்கு நான்கு ரூபாய் கூட. மீதிப் பாதி இன்னும் அங்கேதான். பெரியவருடைய மகன் போன தீபாவளிக்குப் பிறகு ஹாஸ்டலை மட்டும் பார்க்கச் சம்மதித்திருக்கிறார்.

கடன் பணம் விடுவிக்கப்பட்டது 2024 ஆகஸ்டில். மொத்தச் செலவை ஒரு தாளில் எழுதினேன். ஆலோசகருக்கு பதினொன்றரை லட்சம், ஹாஸ்டல் 19, திருப்பிக் கொடுத்த கமிஷன் ஐந்தரைக்கு மேல், ஓவர்டைம் பாக்கி 31. டெலிவரி வரிசையில் என் இடம் போய்விட்டது, மெஷின்காரர்கள் விலையை மூன்று சதவீதம் ஏற்றினார்கள், அது ஏறக்குறைய 50 லட்சம். முடங்கிக் கிடந்த அட்வான்ஸுக்கு எட்டு மாத வட்டி 17 லட்சம். கூட்டினால் ஒரு கோடியே 34 லட்சம். மனைவி பேனாவை வாங்கி, கமிஷனையும் ஓவர்டைமையும் அடித்தாள். "இது நஷ்டம் இல்லைங்க. அவங்க காசு, நம்மகிட்ட இருந்துது" என்றாள். மிச்சம் 97 லட்சம். அதிலும் 67 லட்சம் தாமதத்துக்காகவே போனது. வட்டியில் மிச்சம் பிடிக்கப் பார்த்த ஒரு கோடியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அங்கேயே கரைந்துவிட்டது. முதல் நாளே உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தால் இந்த 67 லட்சத்தில் பெரும்பங்கு மிஞ்சியிருக்கும். பொய்ப் பதில் எழுதியதால் எங்கள் ஒவ்வொரு காகிதத்தையும் இரண்டாம் முறை சரிபார்த்தார்கள். குறை இருக்கிறது என்று நீங்களே எழுதினால் அது சரிசெய்ய வேண்டிய வேலை. மறைத்து மாட்டினால் உங்கள் கையெழுத்துக்கே மதிப்புப் போய்விடும்.

ஒரு ஆதங்கத்தையும் சொல்ல வேண்டும். எனக்குக் கடன் கொடுக்கும் நாடு இவ்வளவு கேட்கிறது, கேட்கட்டும், நியாயம்தான். அதே ஊர்க் கடைகளுக்கு டீ சர்ட் வாங்கும் பையர், 60 நாள் டெலிவரியை 45 ஆக்கி, விலையில் ஐந்து சென்ட் குறைக்கச் சொல்லும்போது ஓவர்டைம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பதில்லை. இரட்டிப்புச் சம்பளம் கொடுக்க ஆரம்பித்த பிறகு அந்தக் கணக்கை எடுத்துக்கொண்டுபோய் மூன்று பையர்களிடம் காட்டினேன். ஒருவர் மட்டும் பீஸுக்கு இரண்டு சென்ட் கூட்டினார்.

இந்த வழியில் போகிறவர்கள் முதலில் மெஷின்காரரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தக் கடனுக்கு உங்கள் அரசு உத்தரவாதம் உண்டா, உண்டென்றால் விண்ணப்பம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது? உத்தரவாதம் கொள்கையளவில் உறுதியான பிறகே அட்வான்ஸ் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். முடியாதென்றால், உத்தரவாதம் தாமதமானால் விலை ஏறாது, வரிசை இடம் இத்தனை மாதம் வரை போகாது என்றாவது எழுதுங்கள். சமூகத் தணிக்கைச் சான்றிதழை நம்பி உட்காராதீர்கள். கேள்வித்தாள் வரும் முன்பே, உங்களுக்குச் சம்பந்தமில்லாத ஒருவரை, பெண்களின் பாஷை தெரிந்தவரை, வார்டனும் சூப்பர்வைசரும் இல்லாத நேரத்தில் ஹாஸ்டலுக்கு அனுப்புங்கள். மூன்றே கேள்வி போதும். வேலைக்கு வர யாருக்கு எவ்வளவு கொடுத்தாய்? உன் கார்டும் ஆதாரும் யாரிடம் இருக்கிறது? இப்போது ஊருக்குப் போக வேண்டும் என்றால் போக முடியுமா? புதிதாகச் சேர்ந்தவர்களின் முதல் மூன்று மாதச் சம்பளச் சீட்டை நீங்களே பாருங்கள், பிடித்தம் அங்கேதான் ஒளிந்திருக்கும். கான்ட்ராக்டருக்குக் கொடுக்கும் தொகையில் ரயில் டிக்கெட், சாப்பாடு, அவருடைய லாபம் எல்லாம் அடங்குமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அடங்காது என்றால் மீதியை யார் கொடுக்கிறார்கள் என்பது உங்களுக்கே விளங்கும். ஆலோசகர் செலவு உங்கள் தலையில்தான், எத்தனை நாள், எத்தனை வருகை என்பதை முன்கூட்டியே எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். கடன் வந்ததோடு முடிந்தது என்றும் நினைக்காதீர்கள். கடைசித் தவணை வரை ஆறு மாதத்துக்கு ஒரு அறிக்கை அனுப்ப வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் பழைய தொழிலாளர் சட்டங்களுக்குப் பதில் நான்கு தொகுப்புகள் அமலுக்கு வந்துவிட்டதால், எங்கள் அறிக்கைப் படிவத்தையும் அதற்கேற்ப மாற்றிக்கொண்டிருக்கிறோம்.

அந்த ராயகடாப் பெண் போன வருடம் ஊருக்குப் போனாள். இரண்டு மாதம் கழித்து தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தாள், கான்ட்ராக்டர் இல்லாமல், தானே டிக்கெட் எடுத்து. டிக்கெட் காசை வந்தவுடன் ஆபீஸில் கேட்டு வாங்கிக்கொண்டாள். அப்படித் திருப்பித் தருவது இப்போது எங்கள் விதி. தங்கச்சியின் ஆதாரில் வயது பதினேழு என்று இருந்ததால் அவளை வேலைக்கு எடுக்கவில்லை. வருகிற ஆனியில் பதினெட்டு முடிகிறது. அதுவரை அக்காவோடு தங்கிக்கொள்ளட்டும் என்று மனைவி சொல்லிவிட்டாள், பக்கத்தில் தையல் வகுப்புக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். ஹாஸ்டலில் வேலை செய்யாத சிறுமி ஒருத்தி ஏன் இருக்கிறாள் என்று அடுத்த வருகையில் கண்டிப்பாகக் கேட்பார்கள். இந்த முறை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே அதை நானே எழுதியிருக்கிறேன்.